பழம்பொறிக்குப் புத்துயிர்

பழவேற்காட்டு ஏரிக் கரையிலுள்ள சிற்றூர்களின் வழியே காலைப் பொழுதில் நடந்து செல்வோர், மரநிழலிலும் படகின் ஓரத்திலும் மீனவர்கள் வலையை மடியில் விரித்து அமர்ந்திருப்பதைக் காணலாம். அவர்கள் புதுவலை பின்னுவதில்லை. நண்டும் முள்ளும் அறுத்த பழைய வலையைச் செப்பனிடுகின்றனர். ஒரு கண் அறுந்ததற்காக வலையை எறிந்துவிடும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஆனால், அறுந்த அந்த ஒரு கண்ணைப் பொருட்படுத்தாது விடும் வழக்கமும் இல்லை. இன்று ஒரு கண். நாளை பத்துக் கண். பிடிபட்ட மீன் அவ்வழியே போய்விடும். பொருளைப் பேணுதல் என்பது இவ்விரண்டும் சேர்ந்ததே. எளிதில் எறியாமை ஒன்று. குறையைக் கண்டபின் சும்மா இராமை மற்றொன்று.

இவ்வறிவு வலைக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் வழங்கும் பொறிகளுக்கும் பொருந்தும். அதனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

திருவள்ளூர் மாவட்டத்தில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே அனுப்பம்பட்டு என்னும் ஊர் உள்ளது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயில்கள் அங்கு நின்று செல்கின்றன. அவ்வண்டிகள் பல புறப்படும் இடத்திற்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். 1900ஆம் ஆண்டு முதல் அங்கு விளங்கிய மூர் மார்க்கெட், பழைய நூல்களுக்கும் பழைய பொருள்களுக்கும் புகழ்பெற்ற கடைத்தெரு. 1985ஆம் ஆண்டு அது தீக்கு இரையாயிற்று. பெயர் மட்டும் ரயில் நிலையத்தில் எஞ்சி நின்றது. எனினும், பழம்பொருள் வாணிகம் மறையவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரத்தில் கூடும் சந்தையில் பழைய கடிகாரம், வானொலி, மின்விசிறி, தையற்பொறி முதலியவை இன்றும் விலை கூறப்படுகின்றன.

அனுப்பம்பட்டு இளைஞன் ஒருவன் அத்தகைய சந்தை ஒன்றில் தூசி உறிஞ்சும் பொறியைக் கண்டு வாங்கி வருகின்றான் எனக் கொள்க. வேக்குவம் கிளீனர் என்று வீடுகளில் வழங்கப்படுவது அதுவே. பொறியோ பழையது, உலோக உடல் துருவேறியது, குழாய் வெடித்தது, பை கிழிந்தது. அதனை அவன் விளையாட்டுக்காக வாங்கவில்லை. அவன் தாய்க்கு மூச்சிரைப்பு நோய் உண்டு. துடைப்பத்தை எடுத்து வீட்டைப் பெருக்கும்பொழுதெல்லாம் அவருக்கு மூச்சு முட்டுகின்றது. புதுப்பொறி வாங்க அவனிடம் பொருள் இல்லை. பழம்பொறியைச் செப்பனிடும் ஆர்வம் உண்டு.

துடைப்பத்தின் இயல்பு யாது? அது குப்பையை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குத் தள்ளுகின்றது. மணலும் தாளும் தள்ளப்படுகின்றன. மிக நுண்ணிய தூசியோ மேலெழுந்து காற்றில் மிதக்கின்றது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். பத்து மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் மூக்கின் காவலைக் கடந்து நுரையீரல் வரை செல்ல வல்லவை. பெருக்கி முடித்த வீடு தூய்மையாகத் தோன்றும். ஆயினும் அவ்வீட்டின் காற்றில் தூசி நெடுநேரம் நிற்கும்.

தூசி உறிஞ்சும் பொறி வேறு வகையில் வேலை செய்கின்றது. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றுக்கு எடை உண்டு. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் அது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடைக்கு ஒப்பாக அழுத்துகின்றது. பொறியினுள் இருக்கும் விசிறி மிக விரைவாகச் சுழன்று, உள்ளிருக்கும் காற்றை வெளியே எறிகின்றது. அதனால் உள்ளே அழுத்தம் குறைகின்றது. வெளிக்காற்று அக்குறையை நிரப்பக் குழாயின் வாய் வழியே பாய்ந்து வருகின்றது. வரும்பொழுது தரையிலுள்ள தூசியையும் வாரிக்கொண்டு வருகின்றது. வழியிலுள்ள துணிப்பை தூசியைத் தடுத்துக் காற்றை மட்டும் விடுகின்றது. ஆகவே பொறி இழுக்கின்றது என்பதைவிட, வெளிக்காற்று தள்ளுகின்றது என்பதே பொருந்தும். வீட்டுப் பொறிகள் உண்டாக்குவது முழு வெற்றிடம் அன்று. நல்ல பொறியும் காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவே குறைக்கும். தூசியை வாருவதற்கு அதுவே போதுமானது.

இப்பொறி தோன்றிய வரலாறு சுவையானது. முதலில் தூசியைக் காற்றால் ஊதித் தள்ளும் பொறிகளே இருந்தன. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹ்யூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர் அவ்வகைப் பொறி ஒன்றைக் கண்டு, ஊதுவதற்கு மாறாக உறிஞ்சினால் என்ன என்று எண்ணினார். அவர் 1901ஆம் ஆண்டில் அமைத்த பொறி ஒரு குதிரை வண்டியளவு பெரியது. வண்டி தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் சாளரத்தின் வழியே வீட்டினுள் செல்லும். 1902ஆம் ஆண்டில் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளங்களைத் தூய்மை செய்ததால் பூத்தின் பொறி புகழ் எய்தியது.

வண்டியில் வந்த பொறியைக் கையில் கொண்டுவந்தவர் ஓர் எளிய தொழிலாளி. அமெரிக்க நாட்டின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் ஒரு பெரிய கடையில் துப்புரவுப் பணி செய்துவந்தார். பெருக்கும்பொழுது எழும் தூசி அவருடைய மூச்சிரைப்பை மிகுவித்தது. அவர் பழைய விசிறி மோட்டார் ஒன்று, துடைப்பக் கட்டை ஒன்று, தலையணை உறை ஒன்று ஆகியவற்றைச் சேர்த்துத் தூசி உறிஞ்சும் பொறியைச் செய்துகொண்டார். 1908ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பின்னர் தோல்பொருள் வணிகராகிய ஹூவர் அவ்வுரிமையை வாங்கிப் பெருந்தொழிலாக வளர்த்தார். அனுப்பம்பட்டு இளைஞனின் தாய்க்கு உள்ள நோயே இக்கருவி பிறப்பதற்கும் காரணமாயிருந்தது! பழம்பொருள்களிலிருந்து பிறந்த கருவியைப் பழையது என்று இகழ்வது எங்ஙனம்?

இந்திய நாட்டில் இப்பொறி பரவியது பிற்காலத்தில்தான். 1982ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற யுரேகா போர்ப்ஸ் நிறுவனம் விற்பனையாளர்களை வீடு வீடாக அனுப்பி, இயக்கிக் காட்டி இதனை விற்றது. இனி, செப்பனிடும் முறையைக் காண்போம்.

பழம்பொறியை வாங்கியவுடன் அது ஓடுகின்றதா என்று பார்க்க மின்சாரத்தில் இணைப்பதே பலரும் செய்யும் முதற்செயல். அதுவே முதற்பிழையும் ஆகும். ஆழம் அறியாமல் காலை விடலாகாது. முதலில் பொறியின் உடலில் பதித்த தகட்டைப் படிக்க வேண்டும். அதில் மின்னழுத்தம் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும். நம் நாட்டு வீடுகளில் வழங்குவது 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வந்த பொறியாயின் 110 அல்லது 120 வோல்ட் என்றிருக்கும். அதனை நேரே இணைத்தால் சில நொடிகளிலேயே சுருள்கள் கருகிவிடும்.

அடுத்து ஆராய வேண்டியது மின்கம்பி. நாற்பது ஐம்பது ஆண்டு கடந்த கம்பியின் மேலுறை வெளியே நன்றாகத் தோன்றினும், வளைத்துப் பார்த்தால் வெடித்து உதிரும். உள்ளிருக்கும் செம்பு வெளிப்பட்டு உலோக உடலைத் தொடுமாயின், பொறியைத் தொடுவோர் உயிருக்கே இறுதி நேரும். மேலும், பழைய உலோகப் பொறிகள் பலவற்றில் இரு கம்பிகளே உண்டு; எர்த் கம்பி இல்லை. ஆகவே பழைய கம்பியை ஒட்டுப்போட்டு வைத்துக்கொள்ளுதல் தகாது. அதனை முற்றிலும் நீக்கி, மூன்று கம்பியுள்ள புதுவடத்தைப் பொருத்தி, மூன்றாவதைப் பொறியின் உலோக உடலோடு இறுக முடுக்க வேண்டும். இவ்வேலையை மாணவர் தனித்துச் செய்தல் கூடாது. தேர்ந்த மின்வினைஞர் உடனிருக்க வேண்டும்.

நம் இளைஞனும் தன் ஊர் மின்வினைஞரை அழைத்து வந்தான். பொறியைக் கண்டவர், “தம்பி, இதை ஓட்டிப் பார்த்தாயா?” என்று வினவினார். “இல்லை அண்ணா, சந்தையில் கடைக்காரர் ஓட்டிக் காட்டினார். நன்றாகத்தான் ஓடியது” என்றான் அவன். “ஓடுவது வேறு, தொடுவதற்கு உரியதாக இருப்பது வேறு. முதலில் அதைப் பார்ப்போம்” என்றார் அவர். மெக்கர் என்னும் கருவியின் ஒரு முனையை மின்சுருளிலும் மறுமுனையைப் பொறியின் உடலிலும் வைத்து அவர் அளந்தார். அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தடை ஒரு மெகாஓமுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். முள் அதற்கும் கீழே நின்றது. சந்தையில் நன்றாக ஓடிய பொறி, உண்மையில் மின்சாரத்தைத் தன் உடலில் கசியவிடும் நிலையில் இருந்தது.

அதற்குக் காரணம் யாது? உப்பும் ஈரமும் தூசியுமே. கடலோரக் காற்றில் நுண்ணிய உப்பு கலந்துள்ளது. உப்பு ஈரத்தை ஈர்க்கும், ஈரமுற்ற உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பைப் பச்சையாக்கும், இரும்பைத் துருவாக்கும். மின்சுருளின்மேல் படிந்த தூசியில் இவ்வுப்பு ஊறினால், அதுவே மின்சாரம் கசியும் வழியாகின்றது. ஆகவே கடற்கரையோர ஊர்களில் பொறியைத் தூய்மை செய்வது அழகுக்காக அன்று, உயிர்க்காப்புக்காகவே ஆகும்.

பொறியைப் பிரிக்கும் வேலையை வீட்டினுள் செய்யலாகாது. பழைய பையிலும் விசிறியிலும் பல்லாண்டுத் தூசி தங்கியிருக்கும். திறந்த வெளியில், மூக்கையும் வாயையும் நன்கு மூடிக்கொண்டு, காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்து பிரிக்க வேண்டும். கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் வைக்க வேண்டும். எந்தக் கம்பி எங்கே இணைந்திருந்தது என்பதைத் தாளில் வரைந்துகொள்வது நலம். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே நேர்ப்பொருளிலேயே உண்மையாகும்.

இப்பொறியின் உயிர்நிலை மோட்டார். வீட்டின் கூரை விசிறி நிமிடத்துக்கு 300, 400 முறை சுழல்கின்றது. தூசி உறிஞ்சும் பொறியின் மோட்டாரோ 10,000 முறைக்கும் மேலாகச் சுழலும்; 20,000 முறையைக் கடப்பனவும் உண்டு. அதன் நடுவே சுழலும் பகுதி ஆர்மேச்சர். ஆர்மேச்சரின் ஒரு முனையில் செம்புத் துண்டுகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும்; அதற்குக் கம்யூட்டேட்டர் என்று பெயர். அதன் இருபுறமும் இரண்டு கார்பன் பிரஷ்கள் வில்லின் விசையால் அழுந்தி நிற்கும். நிற்கும் கம்பியிலிருந்து சுழலும் சுருளுக்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்ப்பவை இவையே.

கார்பன் பிரஷ் தேய்வதற்கென்றே அமைந்தது. தான் தேய்ந்து செம்பைக் காப்பது அதன் கடமை. மிகவும் குறுகிய பிரஷ் செம்பைச் சரியாகத் தொடாது, தீப்பொறி பறக்கும், செம்பு கருகும். ஆகவே குறுகியவற்றை நீக்கி, அதே அளவுள்ள புதியவற்றை இட வேண்டும். சரியான அளவு கிடைக்காவிடின், சற்றுப் பெரியதை வாங்கி உப்புத்தாளில் தேய்த்துப் பொருத்தலாம். அது தன் கூட்டினுள் தடையின்றி முன்னும் பின்னும் நகர வேண்டும்.

கருத்துப்போன கம்யூட்டேட்டரை நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் செம்பின் நிறம் தோன்றும். எமரித் தாளைப் பயன்படுத்துதல் கூடாது. அதன் துகள்கள் செம்புத் துண்டுகளின் இடையே தங்கி மின்சாரத்தைத் தவறான வழியில் செலுத்தக்கூடும். துண்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் படிந்த கரித்தூளைக் கூரிய மரக்குச்சியால் நீக்க வேண்டும். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர். இங்கே அது மோட்டாரின் பல்லையே குத்தித் தூய்மை செய்கின்றது!

பின்னர்ப் பேரிங்குகளைக் காண வேண்டும். அச்சைக் கையால் சுழற்றினால் ஒலியின்றிச் சுழல வேண்டும். கரகரவென்று ஒலித்தால் பேரிங் தேய்ந்தது என அறியலாம். அதன் விளிம்பில் எண் பொறித்திருக்கும். சான்றாக, 608 என்ற எண்ணுள்ளது 8 மில்லிமீட்டர் துளையும், 22 மில்லிமீட்டர் விட்டமும், 7 மில்லிமீட்டர் கனமும் உடையது. எண்ணைக் கூறினால் கடையில் அதே அளவில் புதியது கிடைக்கும். தேயாத பேரிங்காயின், மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்திப் புதிய கிரீஸ் இட்டால் போதும். சிலர் கைக்கு எட்டிய தேங்காயெண்ணெயை ஊற்றுவர். அது நாளடைவில் பிசின் போல் இறுகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும், ஆதலால் தவிர்த்தற்குரியது.

தூய்மை செய்த மோட்டாரைச் சில நாள் நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பது நன்று. நம் இளைஞன் பங்குனி வெயிலில் உலர்த்தினான். மின்வினைஞர் மீண்டும் அளந்தபொழுது, மெக்கரின் முள் ஒரு மெகாஓமைக் கடந்து நெடுந்தொலைவு சென்று நின்றது. பொறி இப்பொழுதுதான் தொடுவதற்கு உரியதாயிற்று.

முதன்முறை இயக்கும்பொழுது, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியின் வழியாக இணைக்க வேண்டும். பிரஷ் தொடும் இடத்தில் சிறு நீலப்பொறி தோன்றுவது இயல்பு; புதிய பிரஷ் படியப் படிய அது அடங்கும். கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம் போல் தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். ஆர்மேச்சர் சுருள் பழுதுற்றது என்பதற்கு அது அடையாளம்.

மோட்டார் சீரானால் வேலை முடிந்துவிட்டது என்று பலர் எண்ணுவர். காற்று புகும் வழியெல்லாம் இறுக்கமாக இருந்தாலன்றிப் பொறி தூசியை வாராது. குழாயில் ஒரு வெடிப்பு இருந்தால், வெளிக்காற்று தரைவழியே வராமல் அவ்வெடிப்பின் வழியே புகும். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தால் அதனையும் மாற்ற வேண்டும். இதனை ஆராய எளிய வழி உண்டு. பொறியை இயக்கிக் குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்தால், மோட்டாரின் ஒலி உயர வேண்டும். ஒலி உயர்வதைக் கேட்டு மோட்டார் திணறுகின்றது என்று அஞ்சுவோர் பலர். உண்மை அதற்கு மாறானது. எறிவதற்குக் காற்று இல்லாமையால் விசிறிக்குச் சுமை குறைகின்றது. சுமை குறைந்த மோட்டார் விரைவாகச் சுழல்கின்றது. வாயை அடைத்தும் ஒலி மாறாவிடின் எங்கோ கசிவு உண்டு என்று கொள்ளலாம். ஆயினும் நெடுநேரம் அடைத்து வைக்கலாகாது. பழைய பொறிகளில் அக்காற்றே மோட்டாரைக் குளிர்விக்கின்றது.

இறுதியாக எஞ்சி நிற்பது பை. பார்வைக்கு எளிய துணி. ஆனால் பொறியின் பயன் முழுவதும் அதனைப் பொறுத்தது. பையில் சிறு துளை இருந்தால், வாரிய தூசி அதன் வழியே மோட்டாருக்குள் சென்று பேரிங்கையும் பிரஷையும் தேய்க்கும். எஞ்சியது பொறியின் பின்புறமாக வெளியேறி அறை முழுதும் பரவும். துடைப்பம் எழுப்புவதைக் காட்டிலும் நுண்ணிய தூசியை, அதைவிட விரைவாக அது வீசும். தாயின் நோயைத் தணிக்க வந்த பொறி அந்நோயை வளர்க்கும் பொறியாகிவிடும். ஆதலால் கிழிந்த பையைத் தைத்துக்கொள்ளாமல், நெருங்கிய நெசவுள்ள பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக்கிப் புதிய பை தைக்க வேண்டும். துவைத்தால் முற்றும் உலர்ந்த பின்னரே மாட்ட வேண்டும்.

எத்துணை நெருங்கிய துணியாயினும் மிக நுண்ணிய தூசியை முழுதும் தடுக்க வல்லதன்று. இக்காலத்துப் பொறிகளில் உள்ள ஹெப்பா வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுத் துகளிலும் நூற்றுக்கு 99.97 பங்கைத் தடுக்கும். பழம்பொறியின் துணிப்பை அதற்கு ஈடாகாது. இளைஞன் இதனை மறைக்கவில்லை. பொறியை இயக்கும்பொழுது சாளரங்களைத் திறந்து வைத்தான். தாயைத் திண்ணையில் அமரச் செய்தான். துப்புரவு முடிந்து அரைமணி நேரம் கழிந்த பின்னரே உள்ளே அழைத்தான். நிறைந்த பையைத் தெருவுக்கு அப்பால் கொண்டுபோய், காற்று வீட்டை நோக்கி வீசாத வேளையில் உதறினான். செப்பனிட்ட பொருளின் எல்லையை அறிந்து பயன்படுத்துவதும் செப்பனிடும் கலையின் ஒரு கூறே.

இப்பொறிக்கு ஆகாதவை சில உண்டு. தண்ணீரையும் ஈர மணலையும் அது உறிஞ்சலாகாது. நீர் மோட்டாரை அடைந்தால் இத்தனை உழைப்பும் வீணாகும். அணையாத சாம்பலை உறிஞ்சினால் பை தீப்பற்றும். வேலை முடிந்ததும் உப்புக்காற்றுப் படாதபடி துணியால் மூடி, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

கம்பி, பிரஷ், பேரிங், பை ஆகிய நான்கையும் மாற்றிய பின்னர் அப்பொறியில் எஞ்சிய பழமை எது? உலோக உடலும், செம்புச் சுருளும், விசிறியுமே. அவை மண்ணிலிருந்து வெட்டி, உருக்கி, வார்த்து, மனிதர் பலர் உழைத்து ஆக்கியவை. இன்னும் பல்லாண்டு உழைக்க வல்லவை. தேய்வதற்கென்று அமைந்த சிறு உறுப்புகள் தேய்ந்தமைக்காக இவற்றையும் சேர்த்துக் குப்பையில் எறிதல், ஒரு கண் அறுந்ததற்காக வலையை எறிவதை ஒக்கும். கிழிந்த பையோடும் கசியும் கம்பியோடும் அப்படியே ஓட்டுதலோ, அறுந்த கண்ணோடு ஏரியில் வலை வீசுவதை ஒக்கும். பழவேற்காட்டு மீனவர் இவ்விரண்டையும் செய்வதில்லை. அனுப்பம்பட்டு வீட்டில் துப்புரவு முடிந்து, திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே வந்த அத்தாய், அன்று இருமாமல் அடுப்படிக்குச் சென்றார்.